மருத்துவ ரோபோ படிக்க ஆசைப்படும் மகளுக்கு எந்தப் பட்டம்?

பயோமெடிக்கலா மெக்கானிக்கலா என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டத்தின் பெயரில் ரோபோட்டிக்ஸ் இருக்கிறதா என்று தேடி அலைய வேண்டாம். உங்கள் மகள் மெக்கானிக்கல் எடுக்கட்டும், மருத்துவப் பக்கம் மேற்படிப்பில் வந்து சேரலாம். காரணம் சொல்கிறேன்.

அவளுக்குப் பிடித்திருப்பது பேரலல் ரோபோ. வழக்கமான ரோபோ கையில் ஒரு மூட்டின் மேல் அடுத்த மூட்டு என்று அடுக்கி வருவதால், ஒவ்வொன்றின் சின்னப் பிழையும் நுனியில் போய்ச் சேரும். இதிலோ ஒரே தட்டை ஆறு கால்கள் சேர்ந்து தாங்குகின்றன, கால்களின் நீளத்தை மாற்றினால் தட்டு நகரும், சாயும், திரும்பும். நகரும் இடம் குறைவுதான், ஆனால் எளிதில் வளைந்து கொடுக்காத நல்ல விறைப்பு, உருவமும் சிறியது. அதனால்தான் இஸ்ரேலின் டெக்னியான் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மோஷே ஷோஹம் உருவாக்கிய, முதுகெலும்பு அறுவைக்கு உதவும் மேசோர் ரோபோவை நோயாளியின் முதுகெலும்போடு சேர்த்தே பொருத்த முடிந்தது. அது எலும்பில் திருகு போகவேண்டிய திசையைப் பிடித்துக் காட்டும், துளை போடுவது அறுவை மருத்துவர். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்த கணுக்கால் பயிற்சிக் கருவியில் நோயாளி பாதத்தைத் தட்டின் மேல் வைத்துக்கொண்டு, திரையில் ஓடும் விளையாட்டைப் பாதத்தாலேயே ஆடுவார், பயிற்சியும் நடந்துவிடும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன், பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். தட்டு எங்கே இருக்க வேண்டும் என்று சொன்னால் கால் நீளங்களைக் கண்டுபிடிப்பது சுலபம். நீளங்களைக் கொடுத்துத் தட்டு எங்கே என்று கேட்டால், பொதுவான ஆறு கால் அமைப்பில் 40 விடைகள் வரை வரலாம். அதைவிட ஆபத்து, சில நிலைகளில் எல்லாக் கால்களையும் பூட்டினாலும் தட்டு பிடிமானம் இழந்து ஆடும். மேலே இருப்பது பக்கவாதம் வந்த ஒருவரின் பாதம் என்று யோசித்துப் பாருங்கள்! நேரியல் இயற்கணிதம், இயக்கவியல், கட்டுப்பாட்டியல் மூன்றும் ஊறியவர்களே இதை முன்கூட்டியே பார்ப்பார்கள். மேலோட்டமாக எல்லாவற்றையும் தொட்டுப் போகும் பாடத்திட்டத்தில் இந்த ஆழம் கிடைப்பது கஷ்டம்.

சரி, வேலை கிடைக்குமா? இது சின்னத் துறை, மறைக்க மாட்டேன். ஆனால் இதே ஆறு கால் தட்டுதான் விமானப் பயிற்சி சிமுலேட்டரின் அடியிலும் இருக்கிறது, இதே குடும்பத்தைச் சேர்ந்த, மூன்று கைகளால் ஒரு சின்னத் தட்டை வேகமாக நகர்த்தும் டெல்டா ரோபோக்கள் பேக்கிங் தொழிற்சாலைகளில் ஓடுகின்றன, அதனால் படிப்பு வீணாகாது. மருத்துவக் கருவி நிறுவனத்துக்கே போனால் சோதனை, ஆவணம், ஆபத்து மதிப்பீடு என்று நிறைய நேரம் போகும். மருத்துவக் கருவிகளின் ஆபத்து மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 14971, அவற்றின் மென்பொருளுக்கான ஐஇசி 62304 ஆகிய தரநிலைகளைக் கல்லூரியிலேயே புரட்டிப் பார்த்தவளுக்கு அது பெரிய பலம். அப்புறம், விடுமுறையில் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் அனுமதி கேட்டு, அவர் வேலை செய்வதைக் கூட இருந்து பார்க்கட்டும். நோயாளிக்கு எங்கே வலிக்கிறது, எப்போது பயப்படுகிறார் என்பதைப் பார்க்காமல் நல்ல கருவி செய்ய முடியாது. பார்த்தபின் மனிதர்கள்தான் பிடிக்கிறது, இயந்திரம் வேண்டாம் என்றால் பிசியோதெரபியே படிக்கட்டும், தடுக்காதீர்கள்.

விண்ணப்பிக்கும் முன், மூன்று சர்வோ மோட்டார்களை (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன மோட்டார்கள்) வைத்து, பந்து உருளாமல் நிறுத்தும் ஒரு தட்டைச் செய்யச் சொல்லுங்கள். பந்து விழுந்துகொண்டே இருக்கும்போதும் அவள் விடாமல் உட்கார்ந்தால், தாராளமாகச் சேர்த்துவிடுங்கள்.