வரி ரசீதில் பெயர் ஏறினால் வீடு சொந்தமாகிவிடாது

பக்கவாதத்தில் படுத்துவிட்ட தாயாரைக் கவனிக்க வேலையை விட்ட மதுரை வாசகி ஒருவர், பராமரிப்பவர் என்ற முறையில் சொத்து வரிச் சலுகை உண்டா என்றும், வரிக் கணக்கைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டால் அண்ணன்கள் இருவரும் பங்கு கேட்க முடியாதல்லவா என்றும் கேட்கிறார். தந்தை உயிருடன் இல்லை.

சலுகை கிடையாது. அரையாண்டு தொடங்கி 30 நாட்களுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு. தவறினால் மாதம் 1 சதவீதத் தனிவட்டி ஏறும். ஆகவே நிலுவையை முதலில் கட்டுங்கள். பணம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து போகட்டும், ரசீது தாயார் பெயரிலேயே இருக்கட்டும். அண்ணன்கள் எட்டிப் பார்ப்பதில்லை என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். நீதிமன்றத்தில் அது எடுபடாது. பத்திரம் தாயார் பெயரில் இருக்கிறது என்பது ஒன்றே முக்கியம். உயில் இன்றி அவர் காலமானால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு. மாநகராட்சிப் பதிவேட்டில் யார் பெயர் இருந்தாலும் உரிமை மாறாது.

பெயர் மாற்றம் பலிக்காது என்று தெரிந்தவுடன் பலர் அடுத்துச் செய்வதுதான் ஆபத்தானது. படுக்கையில் இருக்கும் தாயாரிடம், சொத்தை உயிருடன் இருக்கும்போதே எழுதிக் கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரத்தில் கைநாட்டு வாங்குவார்கள். சாட்சிகளாக மருமகனும் அவருடைய நண்பரும் இருப்பார்கள். மருத்துவர் சான்றிதழோ பதிவுக்கு ஒரு வாரம் கழித்த தேதியில் இருக்கும். கையெழுத்துப் போட்டுப் பழகியவர் ஏன் கைரேகை வைத்தார் என்பதே குறுக்கு விசாரணையின் முதல் கேள்வியாக வரும். முழுக்க முழுக்க உங்கள் பராமரிப்பில் இருந்தவர் உங்களுக்கே எழுதிக் கொடுத்தார் என்றால், தகாத செல்வாக்கு இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்தான் விழும். அதாவது, நீங்கள் செய்த சேவையே எதிர்த்தரப்பின் வாதமாகிவிடும்.

தாயாருக்கு இன்னும் விவரம் புரிகிறதென்றால், சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைத்துப் பதிவு செய்யச் சட்டத்தில் வழியுண்டு. ஆனால் அதற்கு முன் அண்ணன்களை அழைத்துப் பேசி, வீட்டை நீங்கள் எடுத்துக்கொண்டு அவர்களுக்கு ஒரு தொகை தருவது என்று சமாதானமாகப் போங்கள். தாயார் எழுதும் பத்திரத்தில் அவர்களும் சம்மதித்துக் கையெழுத்திடட்டும். உங்களுக்குக் கசக்கும், ஆனாலும் பல ஆண்டுகள் இழுக்கும் பாகப்பிரிவினை வழக்கைவிட மலிவு. அவருக்கு விவரம் புரியவில்லை என்றால் எந்தத் தாளிலும் ரேகை வாங்காதீர்கள்.