300-க்குப் பணம், 94-தான் வேகம்: பழைய கம்ப்யூட்டருக்கு லேன் கார்டு மட்டும் போதுமா?

கேள்வி: கருங்கல் பக்கம் கலியாண ஆல்பம் டிசைன் செய்து கொடுக்கிறேன். கடையில் ஒரு புதுக் கம்ப்யூட்டரும் 2012-இல் வாங்கிய பழைய கம்ப்யூட்டரும் இருக்கின்றன. பைபர் இணைப்பில் 300 எம்பிபிஎஸ் (நொடிக்கு 300 மெகாபிட்) பிளான். செல்போனில் வைஃபையில் 280 காட்டுகிறது. பழைய கம்ப்யூட்டரில் ஒயர் போட்டும் 94-ஐத் தாண்டவில்லை. ஒரு கலியாணத்துப் படங்கள் 60 ஜிபி வரும். ஒன்றிலிருந்து மற்றதற்கு அனுப்ப ஒன்றரை மணி நேரம் ஆகிறது. சர்வீஸ் கடையில் மதர்போர்டையே மாற்றச் சொல்கிறார்கள். தெரிந்த ஒருவர் 2.5 ஜி (நொடிக்கு 2.5 ஜிகாபிட்) லேன் கார்டு போடச் சொல்கிறார். எதைக் கேட்பது?

பதில்:

மதர்போர்டை மாற்றாதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் நாளைக்கே போய்த் திரும்பக் கேளுங்கள். 2012 கம்ப்யூட்டரில் மதர்போர்டை மாற்றினால் அதோடு பிராசஸரும் ராமும் மாறும். கடைசியில் அது புதுக் கம்ப்யூட்டர் வாங்கிய செலவில் வந்து நிற்கும். உங்களுக்கு இருக்கும் குறை ஆயிரம் ரூபாய்க்குள் தீரக்கூடியது. ஒருவேளை காசே செலவில்லாமலும் தீரும்.

நீங்கள் எழுதிய 94 என்ற எண்ணே குறையைக் காட்டிக் கொடுத்துவிட்டது. 100 எம்பிபிஎஸ் இணைப்பில், தகவலைத் துண்டு துண்டாகக் கட்டி முகவரி ஒட்டி அனுப்பும் சேதாரம் போக, கையில் கிடைப்பது 94, 95. அதற்கு மேல் எந்தக் காலத்திலும் வராது. உங்கள் ஒன்றரை மணி நேரமும் இதே கணக்குதான். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 94 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்குச் சுமார் 11.75 மெகாபைட். 60 ஜிபி கடந்து போக 85 நிமிடம் வேண்டும். இதே இணைப்பு ஜிகாபிட்டாக, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸாக இருந்தால் நொடிக்கு 110 மெகாபைட்டுக்கு மேல் போகும். பத்து நிமிட வேலை.

100 எம்பிபிஎஸ் என்பது 1995-இல் வந்த தரம். சாதாரண லேன் ஒயரில் ஓடும் ஜிகாபிட்டுக்கு 1999-இலேயே தரம் வகுத்தாகிவிட்டது. உங்கள் கடையில் எங்கோ ஓரிடத்தில் அந்தப் பழைய 100 உட்கார்ந்திருக்கிறது. கம்ப்யூட்டருக்குள்ளா, ஒயரிலா, மோடம் பெட்டியிலா என்று கண்டுபிடிப்பதற்கு முன்னால் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்ய வேண்டாம்.

கம்ப்யூட்டரில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து நெட்வொர்க் அடாப்டர்கள் என்ற பகுதியைப் பாருங்கள். ரியல்டெக் என்று ஆரம்பிக்கும் பெயர் பெரும்பாலும் இருக்கும். அதன் நடுவில் ஜி-பி-இ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தால், அல்லது ஜிகாபிட் என்றே எழுதியிருந்தால், உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஜிகாபிட் போர்ட் இருக்கிறது; கார்டு வாங்கவே வேண்டாம், குறை வெளியே. வெறும் எஃப்-இ என்ற இரண்டு எழுத்துகள்தான் என்றால் அது 100 போர்ட், கார்டு தேவை. இந்த இரண்டு மூன்று எழுத்தைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அதைக்கூடப் பார்க்காமல் மதர்போர்டுக்கு விலை சொல்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

ஒயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் நான் பார்த்த மெதுவான இணைப்புகளில் பாதிக்கு மேல் இதுதான் காரணம். லேன் ஒயருக்குள் எட்டு இழைகள், நான்கு ஜோடிகள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். நீலம், பழுப்பு ஜோடிகளில் ஒரே ஓர் இழை அறுந்தாலும், கிரிம்ப் செய்யும்போது (கனெக்டரில் வைத்து அழுத்தி இறுக்கும்போது) சரியாக உட்காராவிட்டாலும், இரண்டு முனையும் பேசிப் பார்த்துவிட்டு 100-க்கு இறங்கிவிடும். நெட் வரும், எந்த எச்சரிக்கையும் வராது, வேகம் மட்டும் போய்விடும். குளச்சலில் ஒரு ஸ்டுடியோவில் மதர்போர்டு மாற்றப் பத்தாயிரம் கேட்டிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தால், ஒயர் இழுத்தவர் ஆரஞ்சு ஜோடியையும் பச்சை ஜோடியையும் மட்டும் கிரிம்ப் செய்து, நீலத்தையும் பழுப்பையும் வெட்டி விட்டிருந்தார். இரண்டு கனெக்டர் மாற்றியதும் சரியாகிவிட்டது.

உங்கள் ஒயரின் முனையில் இருக்கும் கண்ணாடி போன்ற கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று எட்டும் நுனிவரை போயிருக்க வேண்டும். இரண்டு முனையிலும் ஒரே வரிசை. உங்கள் ஊர் கடல் பக்கம். உப்புக்காற்றில் கனெக்டரின் பித்தளை நிறப் பற்கள் பச்சை பூத்திருந்தாலும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள்.

புது ஒயர் வாங்கினால் ஒன்றை மறக்காதீர்கள். கேட் 6 என்ற ஒயர் தரப்பெயரை அச்சடித்து, அலுமினியக் கம்பிமேல் செம்பு முலாம் பூசிய ஒயரை மலிவாக விற்கிறார்கள். தரவிதிப்படி உள்ளே முழுச் செம்பு இருக்க வேண்டும். முலாம் பூசியது கேட் 6 என்று சொல்லவே தகுதியில்லாதது. இழை ஒன்றை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். நாலைந்து முறை மடக்கினால் ஒடிந்தும் போகும். முழுச் செம்பில் கேட் 5இ ஒயரே ஜிகாபிட்டை 100 மீட்டர் வரை கொண்டுபோகும். கேட் 7, கேட் 8 என்று மினுமினுப்பான ஒயரைக் காட்டிப் பணம் பறிப்பவர்களிடம் ஏமாறாதீர்கள்.

அடுத்தது மோடம் பெட்டி. இணைப்புக் கம்பெனிகள் இலவசமாகத் தரும் பைபர் மோடங்கள் பலவற்றில் ஒரே ஒரு போர்ட் மட்டும் ஜிகாபிட், மற்றவை 100. 300-க்கு மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு 100 போர்ட் வைத்த பெட்டியைக் கொடுப்பது நியாயமா என்று இத்தனை வருடமாகக் கேட்கிறேன், எவரும் பதில் சொல்வதில்லை. டெக்னீசியன் வருவார், அவர் செல்போனில் வைஃபையில் 280 வருவதைக் காட்டுவார், லைன் சரியாக இருக்கிறது, உங்கள் கம்ப்யூட்டர் பழசு என்று சொல்லிப் போய்விடுவார். லைன் சரிதான். ஆனால் ஒயரை எந்த ஓட்டையில் செருகியிருக்கிறது என்று அவர் குனிந்து பார்க்க வேண்டாமா? நீங்களே பாருங்கள். போர்ட்டின் பக்கத்தில் ஜி-இ என்றோ 1000 என்றோ இருப்பதுதான் ஜிகாபிட். எழுத்தே இல்லாவிட்டால் ஒவ்வொரு போர்ட்டிலும் செருகி, விண்டோஸின் ஈதர்நெட் பக்கத்தில் இணைப்பு வேகம் 1000 என்று மாறுகிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனையை உங்கள் புதுக் கம்ப்யூட்டரை வைத்துச் செய்வது நல்லது. அதில் ஜிகாபிட் இருக்கும்.

புகார் செய்யப் போனாலும் சுற்றவிடுவார்கள். அரசு விதிப்படி 2 எம்பிபிஎஸ் இருந்தாலே பிராட்பேண்ட். 2023 வரை 512 கேபிபிஎஸ்ஸே போதும் என்று வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் 94 வருகிறது என்று நீங்கள் சொன்னால் யார் குறையாக எழுதிக்கொள்வார்? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகாரை நேரடியாகத் தீர்ப்பதில்லை. முதலில் கம்பெனியில் புகார் எண் வாங்க வேண்டும், பிறகு அதே கம்பெனிக்குள் இருக்கும் மேல்முறையீட்டுக்குப் போக வேண்டும். தவறு செய்தவரிடமே நீதி கேட்கச் சொல்லும் ஏற்பாடு இது. ஆனாலும் புகார் எண்ணை எழுதி வையுங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசும்போது அது வேண்டும். இதற்கெல்லாம் காத்திராமல் வேலை நடக்க வேண்டுமென்றால் ஒரு லேன் இணைப்பைப் பல கம்ப்யூட்டருக்குப் பிரித்துத் தரும் ஐந்து போர்ட் ஜிகாபிட் ஸ்விட்ச் பெட்டி ஒன்று வாங்கி, மோடத்தின் ஜிகாபிட் போர்ட்டில் இணைத்து, இரண்டு கம்ப்யூட்டரையும் ஸ்விட்சில் செருகுங்கள். உங்கள் 60 ஜிபி அதன்பிறகு மோடத்துக்குள் போகவே போகாது.

இனி கார்டு. டிவைஸ் மேனேஜரில் எஃப்-இ என்றிருந்தால் ஜிகாபிட் பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன் கார்டு வாங்குங்கள். 10/100/1000 என்று அட்டைப்பெட்டியில் மூன்று எண்ணும் இருக்க வேண்டும். 10/100 என்று இரண்டோடு நின்றால் அது பழைய சரக்கு. 2012-இல் வந்த மலிவுக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் எச்61 வகை மதர்போர்டு இருக்கும். அதன் சின்ன ஸ்லாட்டில் கார்டு சரியாக உட்காரும். சின்ன ஸ்லாட் காலியில்லை என்றால் நீளமான பதினாறு வகை ஸ்லாட்டிலும் செருகலாம். பழைய வெள்ளை நிற பிசிஐ ஸ்லாட்டுக்கான கார்டு வேண்டாம். அந்தப் பாதை முழுவதற்கும் நொடிக்கு 133 மெகாபைட்தான், அதையும் மற்றக் கார்டுகளோடு பங்கு போட வேண்டும்.

2.5 ஜி கார்டு உங்களுக்கு இப்போது தேவையில்லை. அது பொய்யான பொருள் இல்லை. 2016-இல் வகுத்த தரம், உங்கள் ஸ்லாட்டும் தாங்கும். ஆனால் புதுக் கம்ப்யூட்டரிலும் நடுவில் ஸ்விட்சிலும் 2.5 ஜி இருந்தால்தான் அந்த வேகம் வரும். அதற்கு மேல், படங்கள் இருப்பது பழைய சுழலும் ஹார்ட்டிஸ்க்கில் என்றால் அது நொடிக்கு 100 மெகாபைட் அளவில்தான் படிக்கும். ஜிகாபிட்டே அதைவிட வேகம். மிச்சப் பணத்தை எஸ்எஸ்டியில் போடுங்கள். போட்டோஷாப் திறக்கும் நேரமும் குறையும்.

நீங்கள் பெட்டியின் படம் அனுப்பவில்லை என்பதால் ஒன்றைக் கேட்கிறேன். அது உயரமான சாதாரணக் கேபினெட்டா, இல்லை ஆபீஸ்களில் இருந்து கழித்து வந்த ஒல்லிப் பெட்டியா? நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இப்போது இந்த ஒல்லிப் பெட்டிகள் நிறைய விற்கின்றன. அதில் சாதாரணக் கார்டின் தகட்டுப் பிராக்கெட் நுழையாது. முழு உயரப் பிராக்கெட் 12 சென்டிமீட்டர், ஒல்லிப் பெட்டிக்கு 8 சென்டிமீட்டர்தான். சில கார்டுகளோடு இரண்டு பிராக்கெட்டும் வரும், சிலவற்றில் வராது. வாங்கும் முன்னே அட்டைப்பெட்டியைத் திறந்து பார்த்துக் கேளுங்கள். வாங்கிவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் பிராக்கெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு கார்டை அப்படியே ஸ்லாட்டில் தொங்க விடுகிறார்கள். லேன் ஒயரை ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் கார்டு சாய்ந்து ஸ்லாட்டை விட்டு மேலே வரும். ஓடிக்கொண்டிருக்கும்போது வந்தால் அப்போதுதான் மதர்போர்டு நிஜமாகவே போகக்கூடும். இன்னும் சிலர் பெட்டிக்குள் வைத்தே தகட்டைக் கட்டர் போட்டு அறுக்கிறார்கள். அந்த இரும்புத் தூள் எங்கே போய் விழும் என்று நினைப்பதில்லை. இரண்டையும் செய்யாதீர்கள், செய்ய விடாதீர்கள். சின்னப் பிராக்கெட் கிடைக்கவில்லை என்றால் யுஎஸ்பி 3 வகை ஜிகாபிட் அடாப்டர் வாங்கி, பெட்டியின் நீல நிற யுஎஸ்பி போர்ட்டில் செருகுங்கள். கறுப்பு யுஎஸ்பி 2 போர்ட் வேண்டாம். அது 480 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகாது.

கார்டு போடும்போது பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை ஐந்து நொடி அழுத்திப் பிடித்து, கேபினெட் தகட்டைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஒற்றை ஸ்குரூவை முடுக்காமல் மூடாதீர்கள். லேன் ஒயரைப் பழைய போர்ட்டில் செருகிவிட்டு வேகம் ஏறவில்லை என்று கூப்பிடுபவர்கள் உண்டு; புதுக் கார்டின் போர்ட்டில் செருகுங்கள்.

கடையிலிருந்து வீட்டுக்கோ மாடிக்கோ திறந்த வெளியில் லேன் ஒயர் இழுத்திருக்கிறீர்களா? நம் பக்கம் சித்திரை வைகாசியிலும் ஐப்பசியிலும் சாயங்காலம் இடி வெட்டாத வாரம் குறைவு. பைபர் கண்ணாடி இழை, மின்சாரம் கடத்தாது என்று நம்பி இருந்துவிடுகிறார்கள். மோடத்தின் கரண்டு அடாப்டர் வழியாகவும் செம்பு ஒயர் வழியாகவும் மின்னலின் மின்சாரம் வந்துவிடும். அப்படி லேன் போர்ட் மட்டும் கருகிப் போன கம்ப்யூட்டருக்கும் மதர்போர்டு போச்சு என்றுதான் சொல்வார்கள். மற்றதெல்லாம் ஓடுகிறது என்றால் பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) பழைய போர்ட்டை அணைத்துவிட்டு இதே ஆயிரம் ரூபாய்க் கார்டைப் போட்டால் போதும். இரண்டு கட்டடத்துக்கு நடுவே இழுப்பதாக இருந்தால் உலோகக் கம்பி இல்லாத பைபராக இழுக்கச் சொல்லுங்கள். தூரத்தில் இடி கேட்கத் தொடங்கியதுமே கரண்டு பிளக்கோடு லேன் ஒயரையும் கழற்றிப் போடுங்கள்.