ஆறு முறை இரண்டாமிடம் – கடிதம்

வணக்கம்.

ஆர்சனலின் புகழ்பெற்ற கால்பந்து மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் பற்றிய உங்கள் கட்டுரையில், இங்கிலாந்தின் பிளைமத் ஆர்கைல் கிளப்பின் பழைய மேலாளர் பாப் ஜாக்கையும் அதே வரிசையில் வைத்திருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். எஃப்.ஏ. கோப்பை இல்லை, முதல் டிவிஷன் பட்டம் இல்லை, மூன்றாம் டிவிஷனில் தொடர்ந்து ஆறு வருடம் இரண்டாமிடம். இன்றைக்கென்றால் இரண்டாவது வருடமே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். நீண்ட காலம் பதவியில் இருந்ததையே திறமை என்று எடுத்துக்கொண்டீர்களா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த ஆறு இரண்டாமிடங்களுக்காகவே அவரைச் சொன்னேன்.

அன்று மூன்றாம் டிவிஷனின் தெற்குப் பிரிவில் 22 அணிகள். முதலிடம் பிடிக்கும் ஒரே அணிதான் மேலே, இரண்டாம் டிவிஷனுக்குப் போகும். அடுத்த இடங்களில் வந்த அணிகள் தங்களுக்குள் ஆடி மேலே போகும் பிளே-ஆஃப் எல்லாம் அன்று கிடையாது. 1922இல் சவுதாம்ப்டனும் பிளைமத்தும் 61 புள்ளிகளோடு சமமாக முடித்தன. புள்ளி சமமானால், அந்தக் காலத்தில் அடித்த கோலை வாங்கிய கோலால் வகுத்துப் பார்ப்பார்கள். சவுதாம்ப்டன் அடித்தது 68, வாங்கியது 21. பிளைமத் 63, 24. சவுதாம்ப்டன் மேலே போனது. பிறகு பிரிஸ்டல் சிட்டி, போர்ட்ஸ்மத், ஸ்வான்சி, ரெடிங், மறுபடி பிரிஸ்டல் சிட்டி என்று வருடத்துக்கு ஓர் அணி மேலே போனது. 1927 வரை இரண்டாமிடம் மட்டும் மாறவில்லை. ஆறு வருடமும் பட்டத்துக்குப் பக்கத்திலேயே நின்ற அணி வேறு எது?

பிளைமத் தென்மேற்குக் கோடியில் உள்ள கடற்படைத் துறைமுகம். லண்டனும் லங்காஷயரும் வெகுதொலைவு. நல்ல ஆட்டக்காரர்கள் தானாக வந்து சேரும் ஊர் அல்ல. தேடிப் பிடித்துத்தான் கொண்டுவர வேண்டும். ஸ்காட்லாந்துக்காரரான ஜாக் தன் நாட்டிலிருந்து பலரை அழைத்து வந்தார். அப்படி 1924இல் வந்த சாமி பிளாக்தான் இன்றுவரை அந்தக் கிளப்புக்காக அதிக கோல் அடித்தவர். நீங்கள் சொல்வதுபோல் 1923இல் ஜாக்கை அனுப்பியிருந்தால் பிளாக்கை யார் கொண்டுவந்திருப்பார்கள்?

ஆடுகளத்தின் இடப்பக்கத்தில் பிளாக்குக்குத் துணையாக ஆடியவர் ஜாக் லெஸ்லி. லண்டன் கேனிங் டவுனில் பிறந்தவர், தந்தை ஜமைக்காக்காரர். 1921இல் பார்க்கிங் கிளப்பிலிருந்து வந்து பிளைமத்துக்காக 137 கோல் அடித்தார். 1925இல் அவரை அழைத்து, இங்கிலாந்து அணிக்குத் தேர்வாகியிருக்கிறாய் என்ற செய்தியைச் சொன்னவர் பாப் ஜாக். மூன்றாம் டிவிஷன் ஆட்டக்காரருக்கு அது கனவிலும் வராத அழைப்பு. அன்று இங்கிலாந்துக்கு மேலாளரே கிடையாது. கால்பந்துச் சங்கத்தின் குழுதான் அணியைத் தேர்ந்தெடுக்கும். சில நாட்களில் அணிப் பட்டியலில் லெஸ்லியின் பெயர் காணாமல் போனது. தான் கறுப்பினத்தவன் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டதே காரணம் என்று லெஸ்லி பின்னாளில் சொன்னார். அவர் ஒருபோதும் இங்கிலாந்துக்கு ஆடவில்லை. பிளைமத்தின் ஹோம் பார்க் மைதானத்தில் அவருக்குச் சிலை வந்தது 2022இல். நாட்டுக்கு ஆடியவர்களுக்குத் தரும் தொப்பியைச் சங்கம் அவருக்குக் கௌரவமாக வழங்கியது 2023இல். இரண்டும் அவர் காலமாகிப் பல வருடங்களுக்குப் பிறகு. எனக்கு இது இன்னும் கோபம் தரும் விஷயம். ஆனால் குழு கைவிட்ட அந்த ஆட்டக்காரர், பாப் ஜாக்கின் அணியில் வருடக்கணக்காக நிலைத்து ஆடினார், கேப்டனாகவும் இருந்தார்.

சாப்மனோடு ஒரு தொடர்பும் உண்டு. 1928இல் 10,000 பவுண்டுக்கு மேல் கொடுத்து, உலகச் சாதனைத் தொகைக்கு, அவர் ஆர்சனலுக்கு வாங்கிய டேவிட் ஜாக், பாப் ஜாக்கின் மகன். லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் முதல் கோல் அடித்தவர். அப்பாவின் பிளைமத் அணியில் ஆடத் தொடங்கியவர்தான்.

கடைசியில் 1929–30இல் பிளைமத் 68 புள்ளிகளோடு தெற்குப் பிரிவில் முதலிடம் பிடித்து மேலே போனது. அந்த சீசனில் பிரென்ட்ஃபோர்டு தன் மைதானத்தில் ஆடிய 21 ஆட்டங்களையும் வென்றது. அப்படியும் அதற்குக் கிடைத்தது இரண்டாமிடமே. இரண்டு வருடம் கழித்து, இரண்டாம் டிவிஷனில் ஜாக்கின் அணி 100 கோல் அடித்து நான்காவதாக வந்தது. 1938இல் அவர் விலகும்போதும் கிளப் அந்த டிவிஷனில்தான் இருந்தது. 1910இல் அவர் பொறுப்பேற்றபோது அது லீகிலேயே இல்லை.