அம்மாவுக்குச் சுகர் கூட, பிள்ளைக்கு ஏன் குறைகிறது?

திருகோணமலையில் பச்சிளம் குழந்தைகள் வார்ட்டில் வேலை செய்யும் தாதி ஒருவர் பதில் சொல்கிறார்.

உப்புவெளியிலிருந்து: மிஸ், சுகர் எனக்குத்தானே கூட. பிறந்ததும் பிள்ளைக்கு விழும் என்கிறார்களே, எப்படி?

உங்கள் இரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். நீங்கள் ஏற்றும் இன்சுலின் போகாது. வந்து குவிகிற சீனியைச் சமாளிக்கப் பிள்ளையின் கணையமே இன்சுலினை அள்ளிச் சுரந்து பழகிவிடும். கொடியை வெட்டியதும் சீனி வரத்து நின்றுவிடுகிறது, இன்சுலின் உடனே அடங்குவதில்லை. முதல் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் விழுவது அதனால்தான்.

கடைசி மாதங்களிலும் வலி நேரத்திலும் உங்கள் சுகர் கூடியிருந்தால் ஆபத்தும் கூடும். 4 கிலோவைத் தாண்டிய பிள்ளை, மாதம் நிறையாத பிள்ளை, பிறக்கும்போது மூச்சுக்குக் கஷ்டப்பட்ட பிள்ளை என்றால் இன்னும் கவனம். பிரஷருக்கு லபெட்டலோல் குடித்தீர்களா? அதையும் மறக்காமல் சொல்லுங்கள். முதல் மணித்தியாலத்துக்குள் பால் கொடுங்கள்.

மூதூரிலிருந்து: என் பிள்ளை 35 கிழமையில் பிறந்தது, 2.1 கிலோதான். பெரிய பிள்ளைக்குத்தானே இந்தப் பயம்?

இல்லை தங்கச்சி. சிறிய பிள்ளையின் ஈரலில் சீனிச் சேமிப்பே குறைவு. நீண்ட காலச் சலரோகத்தில் இரத்தக் குழாய்கள் பழுதான தாய்க்குப் பிள்ளை சிறிதாகவும் பிறக்கலாம். சுகர் தாயின் பிள்ளையைக் குறைந்தது 12 மணித்தியாலம் பார்ப்போம் என்றால், உங்கள் பிள்ளையை 24.

கிண்ணியாவிலிருந்து: சுகர் பார்க்கப் பிஞ்சுக் குதியில் ஊசி குத்துவது பாவமில்லையா? ஒரு கரண்டி சீனித்தண்ணீர் கொடுத்தால் சரிதானே?

இதை இன்றைக்கே பலர் கேட்டுவிட்டீர்கள். வேண்டாம். நடுங்குவதும் சோர்வதும் பால் இழுக்காததும் எல்லாப் பிள்ளைகளிலும் தெரியாது. சிவந்து அழகாகத் தூங்குகிற பிள்ளைக்கும் சுகர் டெசிலீட்டருக்கு 47 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியிருக்கலாம். குத்தினால்தான் தெரியும்.

அதே ஆள்: வார்ட்டிலும் கன்னத்துக்குள்ளே ஜெல் பூசினார்களே, அது மட்டும் சீனி இல்லையா?

நல்ல கேள்வி. சீனிதான், 40 சதவீத டெக்ஸ்ட்ரோஸ். ஆனால் கிலோவுக்கு அரை மில்லிலீட்டர் என்று அளந்து பூசி, உடனே பால் கொடுத்து, திரும்பக் குத்திப் பார்ப்போம். உங்கள் கரண்டியில் எவ்வளவு சீனி என்று யாருக்குத் தெரியும்? தண்ணீரால் வயிறு நிறைந்தால் பிள்ளை சீம்பாலை இழுக்காது. ஏறிய சுகர் திரும்ப விழும்போது பக்கத்தில் ஆளும் இருக்காது. தேனும் வேண்டாம், ஒரு வயது வரை.

ஒரு மாமியார்: நாங்கள் எல்லோரும் சீனித்தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள்தான்.

அம்மா, அந்தக் காலத்தில் குத்திப் பார்க்க யார் இருந்தார்கள்? யாருக்கு விழுந்தது, யாருக்கு வலிப்பு வந்தது என்று எங்கே எழுதி வைத்தார்கள்? உங்கள் மருமகளுக்கு முதல் மணித்தியாலத்தில் பால் கொடுக்க இடம் விடுங்கள், அது போதும்.

தம்பலகாமத்திலிருந்து: எனக்குச் சாப்பாட்டாலேயே கட்டுப்பாடு. பிள்ளையைப் பார்க்க வேண்டுமா?

வேண்டும்.

நிலாவெளியிலிருந்து: இன்சுலின் எத்தனை யூனிட் போடலாம்?

கிளினிக்கில் கேளுங்கள். நான் சொல்ல மாட்டேன்.

இன்னொருவர்: பிள்ளை 4.3 கிலோ, கொழுகொழு என்று இருக்கிறது. பிறகென்ன பயம்?

முதல் பதிலை வாசியுங்கள்.

சாம்பல்தீவிலிருந்து: இந்த வெயிலில் பிள்ளைக்கு எங்கே குளிரப் போகிறது மிஸ்? ஃபேன் போடலாமா?

வெளியே வெயில் கொளுத்தட்டும், ஈரத்தோடு ஃபேனுக்குக் கீழே கிடக்கும் பிள்ளை குளிர்ந்துவிடும். உடம்பைச் சூடாக்கவே இருக்கிற கொஞ்சச் சீனியையும் எரித்துவிடும். துடைத்து, தொப்பி போட்டு, உங்கள் நெஞ்சில் தோலோடு தோலாக வைத்துப் போர்த்துங்கள். குளிப்பாட்டுவது அடுத்த நாள்.