காரணமில்லாமல் எடை குறைந்தால்: வாசகர் கேள்விகளும் பொது மருத்துவரின் பதில்களும்

கேள்வி: ஐயா, எனக்கு 58 வயது. ஏழு மாதங்களில் 72 கிலோவிலிருந்து 66 கிலோவுக்கு வந்துவிட்டேன். உணவைக் குறைக்கவில்லை, உடற்பயிற்சியும் செய்வதில்லை. இது புற்றுநோய்தானா?

பதில்: முயற்சி எதுவும் இல்லாமல் 6 முதல் 12 மாதங்களுக்குள் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அதற்குக் காரணம் தேட வேண்டும் என்பது மருத்துவ வழக்கம். உங்கள் எடைக்கு அந்த அளவு 3.6 கிலோ, நீங்கள் இழந்திருப்பதோ 8 சதவீதத்துக்கும் மேல். எனவே இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள், ஆனால் முடிவை இப்போதே எழுதிவிட வேண்டாம். இங்கிலாந்தில் எதிர்பாராத எடை குறைவு பதிவான ஏறத்தாழ 64,000 பேரின் குடும்ப மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வில், அடுத்த ஆறு மாதங்களில் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்கள் 1.4 சதவீதத்தினரே. பெரிய மருத்துவமனைகளுக்கு அனுப்பப்படுவோரிடம் இந்த விகிதம் பன்மடங்கு அதிகம். அவர்கள் ஏற்கெனவே சல்லடையில் சலித்து எடுக்கப்பட்டவர்கள் என்பதே அதற்குக் காரணம். வயது கூடுவதும் புகைப்பழக்கமும் ஐயத்தை உயர்த்தும். உங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. எடை பார்த்ததே இல்லை. ஆனால் ரவிக்கைகள் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டன. சாப்பிடவே பிடிக்கவில்லை என்கிறார்.

பதில்: சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து வாங்கும் குறிப்பேடு இருந்தால், பழைய எடை அதிலேயே எழுதப்பட்டிருக்கக்கூடும். இல்லாவிட்டால் உடை தளர்ந்ததே போதுமான சான்று. பசியைப் பற்றி நீங்கள் எழுதியது முக்கியமானது. நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தால் முதலில் தைராய்டு மிகைச் சுரப்பையும் நீரிழிவையும் நினைப்போம். பசியே அற்றுப்போனால் புற்றுநோய், காசநோய், சிறுநீரகச் செயலிழப்பு, மனச்சோர்வு ஆகியவை முன்னுக்கு வரும். முதியவர்களிடம் மனச்சோர்வு அழுகையாக வெளிப்படாமல் தட்டில் மீந்த சோறாகவே தெரியலாம். பல்செட் பொருந்தாமல் போனதா, மறதி கூடியதா, அண்மையில் புதிய மாத்திரை தொடங்கினார்களா என்பதையும் கவனியுங்கள். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின், இதயத்துக்குத் தரும் டிகாக்ஸின் போன்றவை பசியைக் கெடுக்கும். விழுங்கும்போது அடைத்தாலோ, இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்பிவிட்டாலோ, மலம் தார்போலக் கறுத்தாலோ, இவற்றையெல்லாம் ஆராய்ந்துகொண்டிராமல் உடனே எண்டோஸ்கோப்பிக்கு (கேமரா பொருத்திய குழாயால் உணவுக்குழாயையும் இரைப்பையையும் பார்ப்பது) ஏற்பாடு செய்ய வேண்டும்.

கேள்வி: ‘கேன்சர் மார்க்கர்’ அனைத்தும் சேர்ந்த இரத்தப் பரிசோதனைத் தொகுப்பு ஒன்றை ஆய்வகத்தில் சலுகை விலையில் தருகிறார்கள். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். சி.இ.ஏ., சி.ஏ. 125 போன்ற மார்க்கர்கள் (சில புற்றுநோய்களில் இரத்தத்தில் கூடும் புரதங்கள்), ஏற்கெனவே கண்டறியப்பட்ட புற்றுநோய் சிகிச்சைக்கு எப்படிக் கட்டுப்படுகிறது என்று பார்ப்பதற்கே பெரிதும் உதவுகின்றன. புகைபிடிப்பவருக்குச் சி.இ.ஏ. உயரலாம், மாதவிடாய்க் காலத்தில் சி.ஏ. 125 உயரலாம், புற்றுநோய் இருந்தும் இரண்டுமே இயல்பாக இருக்கலாம். அந்தப் பணத்தில் முழு இரத்த அணு எண்ணிக்கை, உடலில் அழற்சி உண்டா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி., சர்க்கரை, தைராய்டுக்கான டி.எஸ்.எச்., கல்லீரல் மற்றும் சிறுநீரகச் செயல்பாடு, கால்சியம், எச்.ஐ.வி., சிறுநீர், மலத்தில் மறைந்த இரத்தம் ஆகியவற்றைப் பாருங்கள். இவற்றோடு மார்பு எக்ஸ்ரேயும் வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் சேர்ந்தால் முதல் சுற்று முடிந்தது. நம் நாட்டில் அந்த எக்ஸ்ரே நுரையீரல் புற்றுநோயைவிடக் காசநோயையே அடிக்கடி காட்டிக்கொடுக்கும். இருமலும் மாலைக் காய்ச்சலும் இருந்தால் அரசு மருத்துவமனையிலேயே இலவசமாகச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

கேள்வி: 55 வயதான என் அண்ணனுக்குப் புதிதாகச் சர்க்கரை நோய். இளைப்பதற்கு அதுவே காரணம் என்று விட்டுவிடலாமா?

பதில்: பெரும்பாலும் அதுவே காரணமாக இருக்கும், சிறுநீரில் சர்க்கரை வெளியேறும்போது உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைக்கிறது. ஆனால் மருந்தால் சர்க்கரை கட்டுக்குள் வந்தபின் எடை மீள வேண்டும். மீளாமல் தொடர்ந்து குறைந்தால், அதிலும் குடும்பத்தில் வேறு யாருக்கும் நீரிழிவு இல்லாதவர் என்றால், கணையப் புற்றுநோயை நினைத்து வயிற்றுக்குச் சி.டி. ஸ்கேன் கேளுங்கள். கணையத்தின் வால்பகுதிக் கட்டி சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் குடல் வாயுவால் மறைந்துபோவது உண்டு.

கேள்வி: எல்லாப் பரிசோதனையும் இயல்பு என்று வந்துவிட்டது, டாக்டர். ஆனாலும் பயம் போகவில்லை. பெட் ஸ்கேன் எடுத்துவிடட்டுமா?

பதில்: உடற்பரிசோதனை, இரத்தம், எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன் ஆகிய அனைத்தும் இயல்பாக இருப்பவரிடம் பெரிய புற்றுநோய் ஒளிந்திருப்பது அரிது. சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடங்களை உடல் முழுவதும் ஒளிரவைத்துக் காட்டும் பெட் ஸ்கேனோ, காசநோய் நெறிக்கட்டி, பழைய அழற்சி என்று புற்றுநோய் அல்லாதவற்றையும் ஒளிரச் செய்து, தேவையற்ற ஊசிச் சோதனைகளில் கொண்டுபோய் விடும். முறையாக ஆராய்ந்த பிறகும் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குக் காரணம் புலப்படுவதில்லை. அவர்களில் பெரும்பாலோர் நலமாகவே இருக்கிறார்கள். ஒரே எடைக்கருவியில், காலையில் வெறும் வயிற்றில், மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்துவையுங்கள். மூன்று மாதங்களுக்குப் பின் அந்தக் குறிப்போடு அதே மருத்துவரிடம் செல்லுங்கள். எடை இன்னும் இறங்கியிருந்தாலோ புதிய தொல்லை சேர்ந்திருந்தாலோ, சி.டி. அல்லது எண்டோஸ்கோப்பி தேவையா என்பதை அவர் அப்போது முடிவு செய்வார்.