காரணமே இல்லாமல் சுகர் ஏறுகிறதா? கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பல்லவி: "எதையும் மாற்றவில்லை டாக்டர், சுகர் மட்டும் ஏறுது." ஏதோ மாறியிருக்கும், தேடினால் கிடைக்கும். அதற்குள் மருந்தை நீங்களாகக் கூட்டாதீர்கள்.

ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, குலசேகரம்: இரவு படுக்கும்போது 130. காலையில் ஒரு கட்டன் சாயா கூடக் குடிக்காமல் பார்த்தால் 175. சாப்பிடாமலே எப்படி ஏறும்?

கல்லீரல் ஏற்றிவிடும். விடியலை ஒட்டி கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் உடம்பில் கூடும்; கல்லீரல் சேர்த்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் விடும். அதை அடக்கும் அளவு இன்சுலின் சர்க்கரை நோயாளியிடம் இருக்காது. படுக்கும்போது, அதிகாலை 3 மணிக்கு, எழுந்ததும் என்று இரண்டு மூன்று நாள் பார்த்துக் குறித்து வையுங்கள். நீங்கள் 3 மணிக்கே எழுகிற ஆள், அலாரம் தேவைப்படாது. 3 மணிக்கு 70-க்குக் கீழே இருந்தால் கதை வேறு: இரவு மருந்து அதிகம் என்று பொருள். அந்தக் குறிப்போடு டாக்டரைப் பாருங்கள். இரவுச் சாப்பாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

"சுகர் 312. என்ன காரணம்? உடனே பதில் தேவை." (ஊர் இல்லை, வயது இல்லை)

வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா? மாத்திரையா, ஊசியா? காய்ச்சல் உண்டா, பல்வலி உண்டா, காலில் புண் உண்டா? ஒன்றும் எழுதாமல் எண்ணை மட்டும் அனுப்பினால் நான் சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் எல்லோருக்கும் சொல்கிறேன். சுகர் 250-க்கு மேல் நிற்கும்போது வாந்தி, வயிற்றுவலி, பெருமூச்சு, அசதி சேர்ந்தால் பதிலுக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மார்த்தாண்டம் வாசகி: மூட்டுவலிக்கு முட்டியில் ஊசி போட்டார்கள். மறுநாளிலிருந்து 280.

ஸ்டீராய்டு ஊசியாக இருக்கும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் இறங்கிவிடும், அதுவரை அடிக்கடி பாருங்கள். ஊசி போடும் முன்பே "எனக்கு சுகர் உண்டு" என்று சொல்ல வேண்டும். ஆஸ்துமாவுக்கும் தோல் அரிப்புக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யும்.

களியக்காவிளை வாசகர்: அம்மாவுக்கு 68 வயது. காலையில் 20 யூனிட் இன்சுலினில் சுகர் நன்றாக இருந்தது. திருவனந்தபுரத்தில் தம்பி வீட்டுக்குப் போய் வந்தபின் 300-க்குக் குறையவில்லை. நாங்களே 30 யூனிட் ஆக்கிவிட்டோம். அதே மருந்துதான். சிரிஞ்சு மட்டும் தம்பி அங்கே வாங்கியது, ஆரஞ்சு மூடி.

கடைசி வரியில் நீங்களே பதிலை எழுதிவிட்டீர்கள். இதை எத்தனை முறை சொல்வது!

நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. ஆரஞ்சு மூடி, மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கானது. அதை வைத்து மில்லிக்கு 40 உள்ள மருந்தை இழுத்தால், கோடு 20 என்று காட்டும், உள்ளே போவது 8 யூனிட்தான். நீங்கள் கூட்டிய 30-ம் உண்மையில் 12 யூனிட். நீங்கள் கூட்டும் வரை அம்மா பாதி மருந்துகூட இல்லாமல் இருந்திருக்கிறார்.

இனிமேல்தான் ஆபத்து. தப்பு புரிந்ததும் சிவப்பு மூடிக்கு மாறி அதே 30-ஐ இழுத்தால் முழு 30 யூனிட் போய்விடும், சுகர் தாழ்ந்து மயங்கி விழுவார். பழைய 20-க்குத் திரும்புவதையும் டாக்டரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள். இதைவிட மோசம், மில்லிக்கு 100 யூனிட் உள்ள பேனா மருந்தைச் சிவப்பு மூடியால் இழுப்பது: இரண்டரை மடங்கு உள்ளே போகும்.

கேரள எல்லையில் இருக்கிறவர்கள் மருந்தை இந்தப் பக்கமும் சிரிஞ்சை அந்தப் பக்கமும் வாங்குகிறோம். கடைக்காரர் கேட்கமாட்டார், "இன்சுலின் சிரிஞ்சுதானே" என்று கையில் கிடைத்ததை எடுத்து நீட்டுவார். என் நோயாளி ஒருவருக்கு ஒரு கடையில் "ரெண்டும் ஒண்ணுதான்" என்றே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றல்ல. குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கடையிலேயே நின்று பாருங்கள். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோல் தடித்திருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். தடித்த இடத்தில் மருந்து சரியாக ஏறாது.

அருமனை வாசகர்: மரச்சீனிக் கிழங்கில் இனிப்பே இல்லையே, அதுவும் கூடாதா?

அளவோடு தின்னலாம். ஆனால் சோற்றுக்குக் கூட்டாக அல்ல, சோற்றுக்குப் பதிலாக.

பாறசாலை வாசகி: உடம்பு தேற அரிஷ்டம் குடிக்கிறேன், மூலிகைதானே?

மூலிகையோடு வெல்லமும் சேர்த்துத்தான் புளிக்க வைக்கிறார்கள். லேகியத்திலும் வெல்லம் உண்டு. இதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

தக்கலை வாசகர்: 58 வயது. சாப்பாடு, மருந்து எல்லாம் பழையபடிதான். மூன்று மாதமாக சுகர் ஏறுகிறது, எடை 7 கிலோ குறைந்துவிட்டது. மருந்தைக் கூட்டினால் போதுமா?

போதாது. சுகர் கட்டுமீறினாலே எடை இறங்கும் என்பது சரி. ஆனால் இந்த வயதில் இரண்டும் திடீரென்று சேர்ந்து வந்தால் இன்சுலின் சுரக்கும் கணையத்தை ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். இந்த வாரமே டாக்டரிடம் போய் ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். தைராய்டும் காசநோயும் இல்லை என்று உறுதிசெய்வது நல்லது.

குழித்துறை வாசகி: வீட்டு மீட்டரில் 260, அரைமணி கழித்து லேபில் 150. எதை நம்ப?

லேபை. சக்கை (பலாப்பழம்) உரித்த கையைக் கழுவாமல் குத்தினீர்களா? விரலில் ஒட்டிய பழச்சாறே அவ்வளவு காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து போட்டாலும் மீட்டர் உளறும்.