கைவிடப்பட்ட சுரங்க வளாகத்தில் 'உள்ளே வராதீர்' பலகையைத் தாண்டிப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உள்ளே என்ன இருக்கும்?

போயிருக்கிறேன். பதினோரு வருடத்துக்கு முன்பு, ஒரே ஒரு முறை. இடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இதைப் படிப்பவர்களில் நாலு பேராவது வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். உலோகத் தாது எடுத்த சுரங்கம், மூடிப் பல வருடம் ஆகியிருந்தது என்பது வரைக்கும் போதும்.

நீங்கள் ஏற்கெனவே வெளிச்சுவர் வரை போய் வந்துவிட்டீர்கள், யாரோ உள்ளே போய் எடுத்த வீடியோவையும் பார்த்துவிட்டீர்கள், 'அவன் போய்த் திரும்பினானே, நமக்கு என்ன ஆகிவிடும்' என்று யோசிக்கிறீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. நானும் அப்படி யோசித்துத்தான் போனேன். தானே மீறிப் போய்விட்டு மற்றவர்களைத் தடுக்கிறான் என்று சிலர் எழுதுவார்கள். எழுதட்டும். போனதால்தான் சொல்கிறேன்.

நான் படம் எடுக்கப் போகவில்லை. அப்பா அங்கே இருபத்தாறு வருடம் வேலை பார்த்தார். சின்ன வயதில் வெளிவாசல் வரைதான் என்னை விடுவார்கள். ஷிப்ட் முடிந்து அவர் வருவதை அங்கே நின்று பார்ப்பேன். அவர் போன பிறகு, தினமும் எந்த இடத்துக்குள் நுழைந்து எந்த இடத்திலிருந்து வெளியே வந்தார் என்று ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று இருந்தது. நண்பர்கள் இரண்டு பேர் கூட வந்தார்கள். சுவர் இடிந்திருந்த பக்கமாக ஏறி இறங்கினோம்.

முதலில் லாம்ப் ரூம். தலைவிளக்கு வாங்கும் அறை. சுவர் முழுக்க வரிசையாக ஆணிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு எண். கீழே இறங்குபவர் தன் பித்தளை டோக்கனைக் கொடுத்துவிட்டு விளக்கை வாங்குவார், மேலே வந்ததும் விளக்கைக் கொடுத்து டோக்கனைத் திரும்ப வாங்குவார். ஷிப்ட் முடிந்த பிறகும் ஆணியில் ஒரு டோக்கன் தொங்கினால் அந்த ஆள் இன்னும் கீழேதான் இருக்கிறார் என்று அர்த்தம். அப்பா இதை வீட்டில் பல தடவை சொல்லியிருக்கிறார். அவருடைய எண் எனக்கு மனப்பாடம். தேடினேன், இருந்தது. ஆணி காலியாக இருந்தது. அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அடுத்த கட்டடம், ஆட்களைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகும் கூண்டை ஏற்றி இறக்கும் எஞ்சின் அறை. எத்தனை மணி அடித்தால் கூண்டு ஏற வேண்டும், எத்தனை அடித்தால் இறங்க வேண்டும் என்று எழுதிய பலகையும், கூண்டு எந்த ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் பெரிய முள்ளும் அப்படியே இருந்தன. உள்ளே என்ன இருக்கும் என்று கேட்டீர்களே, என்னைப் பொறுத்தவரை பார்க்க வேண்டியது இவைதான். இத்தோடு திரும்பியிருந்தால் இந்தப் பதிலுக்கே வேலை இருந்திருக்காது.

கட்டடங்களுக்குப் பின்னால், மலைச்சரிவில் கிடையாக உள்ளே போகும் ஒரு சுரங்கவாய். இரும்புக் கம்பிகளை யாரோ முன்பே வளைத்து வழி செய்திருந்தார்கள். நாங்கள் பார்த்த வீடியோவில் ஒருவன் இதே வாய்க்குள் நூறு அடி போய், பேசிக்கொண்டே திரும்பி வருவான். அந்தத் தைரியத்தில்தான் நுழைந்தோம். தரை லேசாக இறக்கம். முட்டுக்கொடுத்த மரங்கள் உளுத்துப்போய் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தன. நாற்பது ஐம்பது எட்டு வைத்திருப்போம். முன்னால் போன நண்பன் ஏணி ஏறியவன் போல மூச்சு வாங்கினான். கேட்டால் சிரிக்கிறான். பின்னால் வந்தவன் சிகரெட்டுக்காக லைட்டரை அடித்தான், பற்றவில்லை. மறுபடி அடித்தான், பொறி மட்டும் வந்தது. எனக்கு அந்த நொடி அப்பாவின் குரல் கேட்டது என்றால் நம்புவீர்களோ இல்லையோ. மேஸ்திரி கையில் இருக்கும் விளக்கின் சுடர் குறுகினால் பேச்சே கிடையாது, திரும்பி நடக்க வேண்டியதுதான் என்பார். திரும்பச் சொல்லிக் கத்தினேன். முன்னால் போனவனுக்கு முழங்கால் மடிந்துவிட்டது. இரண்டு பேரும் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டு வந்தோம். எங்கள் கையில் இருந்த டார்ச் கடைசி வரை பளிச்சென்று எரிந்தது. காற்று கெட்டது டார்ச்சுக்குத் தெரியாது. (லைட்டர் அடித்ததும் தப்புதான். தீப்பற்றும் மீத்தேன் வாயு இருக்கும் சுரங்கமாக இருந்தால் அதுவே எங்களை முடித்திருக்கும்.)

என்ன நடந்தது என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். நாம் மூச்சுவிடும் காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 சதவீதம். காற்றோட்டம் இல்லாத சுரங்கத்தில் அழுகும் மரமும் கந்தகம் கலந்த தாதுக்களும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகின்றன. 16 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்தாலே தீச்சுடர் நிற்காது. 10-க்குக் கீழே நினைவு தப்பும். 6-க்குக் கீழே சில நிமிடங்கள்தான். வாசனையும் வராது, நிறமும் தெரியாது. அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கூட, அளவு கூடினால் மூக்கையே மரக்க வைத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

இன்னொன்று. மூடிய சுரங்கம் வானிலையோடு சேர்ந்து மூச்சு விடுகிறது. வெளியே காற்றழுத்தம் ஏறினால் நல்ல காற்று உள்ளே போகும். அழுத்தம் இறங்கினால் உள்ளே கிடந்த கெட்ட காற்று வாய் வரை வந்து நிற்கும். நாங்கள் போன அன்று மழை இருட்டிக்கொண்டு வந்தது. வீடியோவில் நல்ல வெயில். அதனால்தான் 'அவன் போய் வந்தான்' என்பதை ஒரு சாட்சியாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள் என்கிறேன். அவன் போனது அன்றைய காற்றில். நீங்கள் போகிற அன்று உள்ளே என்ன இருக்கும் என்று அவனாலும் சொல்ல முடியாது.

இதோடு முடியவில்லை. நண்பனுக்கு வாந்தி, தலைவலி. எஞ்சின் அறைக்குப் பின்னால் புல் முளைத்த சமதளத்தில் அவனைப் படுக்க வைத்து நாங்களும் உட்கார்ந்தோம். வளாகத்திலேயே அதுதான் பத்திரமான இடம் மாதிரி இருந்தது. அப்போது காவல்காரர் ஓடி வந்தார். வயதானவர், அதே சுரங்கத்தில் வேலை பார்த்தவர். திட்டப் போகிறார் என்று நான் எழப் பார்த்தேன்.

"தம்பி, எழுந்திரிக்காதீங்க. மூணு பேரும் படுத்தபடியே இந்தப் பக்கம் ஊர்ந்து வாங்க."

அந்தப் புல்லுக்கு அடியில் பழைய ஷாஃப்ட், அதாவது சுரங்கத்துக்கு நேர்கீழாக இறங்கும் குழி, இருந்தது. மூடும்போது மரத்தைப் பரப்பி மேலே மண்ணைக் கொட்டியிருக்கிறார்கள். மரம் உளுக்க உளுக்க மேல்மண் மட்டும் தாங்கிக்கொண்டு நிற்கும். என்றைக்கு விழும் என்று கணக்கு கிடையாது. சுற்றிலும் இரும்புக் கம்பமும் முள்வேலியும் இருந்தனவாம், பழைய இரும்புக்காகப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். நீங்கள் 'உள்ளே வராதீர்' பலகையைச் சொல்கிறீர்கள். போகக் கூடாத இடம் எங்கே தொடங்குகிறது என்று காட்டும் கோடே பல இடங்களில் இன்றைக்கு இல்லை.

"ஐயா, மன்னிச்சிருங்க" என்றேன். யார் பிள்ளை என்று கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு அவர் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

கைவிட்ட சுரங்கம் என்றால் காலி இடம் என்று நினைக்கிறோம். பம்பை நிறுத்திய நாளிலிருந்து அதில் தண்ணீர் ஏறுகிறது. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன கோலார் தங்கவயல் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்ட பிறகு நீரில் மூழ்கியது. 1975 டிசம்பர் 27-ல், இன்றைய ஜார்க்கண்டில் உள்ள சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்துக்குள் பழைய கைவிட்ட சுரங்கத்தில் தேங்கிய தண்ணீர் உடைத்துப் புகுந்து 370-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்கள் தினமும் சுரங்கத்தில் இறங்கிய, வேலை தெரிந்த மனிதர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். அப்பா இறந்தது கல்தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸால். ஆனால் அவருக்கு இரண்டு தடவை காசநோய் மருந்துதான் கொடுத்தார்கள். இருமல், இளைப்பு, எடை குறைவு எல்லாம் ஒரே மாதிரி இருப்பதாலும், சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோயும் சுலபமாக வரும் என்பதாலும் குழப்பம் வருவது உண்மைதான், மருத்துவர்களை மட்டும் குறை சொல்லவில்லை. என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஒருவராவது கேட்டிருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம். இழப்பீட்டுக்கு அம்மா அலைந்தபோது, கீழே இறங்கி வேலை பார்த்ததற்குச் சான்று கொண்டுவா என்றார்கள். பதிவேடுகள் இல்லை என்றும் அவர்களே சொன்னார்கள். அன்றைக்கு அந்த வளாகத்தில், நேரம் பதியும் அலுவலக அறையில், கூரை ஓட்டை வழியாக மழை இறங்கி ஊறிய பதிவேடுகளை நான் கண்ணால் பார்த்தேன். பெயர், எண், ஷிப்ட், இறங்கிய மட்டம் எல்லாம் மசியில் எழுதியவை. சில பக்கங்கள் இன்னும் படிக்கும்படி இருந்தன. நண்பனைத் தூக்கிக்கொண்டு ஓடிய அவசரத்தில் ஒரு பக்கத்தைக்கூடப் படம் எடுக்கவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சுரங்கத்தைப் பார்க்கும் ஆசை தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். வேல்ஸில் 1980-ல் மூடிய பிக் பிட் நிலக்கரிச் சுரங்கத்தில் மக்களை 90 மீட்டர் கீழே அழைத்துப் போகிறார்கள், போகும் முன் போன், லைட்டர், பேட்டரி உள்ள பொருள் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். காற்றைச் சோதித்து, விளக்கும் தலைக்கவசமும் கொடுத்து, அங்கே வேலை தெரிந்தவர்தான் முன்னால் நடக்கிறார். அப்படி ஒரு இடத்துக்குப் போக முடிந்தால் முதலில் போங்கள். உங்கள் மனதில் இருக்கும் வளாகம்தான் வேண்டும் என்றால், அதைப் பொறுப்பில் வைத்திருப்பவர்களிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள், அங்கே வேலை பார்த்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், தரைக்கு மேல் இருக்கும் கட்டடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்தச் சுரங்கவாய்க்குள்ளும் பத்து எட்டுகூட வேண்டாம். உள்ளே ஒருவர் விழுந்தால் காப்பாற்ற என்று பின்னாலேயே ஓடாதீர்கள், வெளியே வந்து உதவிக்கு அழையுங்கள். நாங்கள் செய்தது அதற்கு நேர்மாறு, மூன்று பேரும் போயிருப்போம். பழைய வெடிமருந்துப் பெட்டியோ செம்பு நிறச் சிறு குழாய்களோ (வெடியைக் கிளப்பும் டெட்டனேட்டர்கள்) கண்ணில் பட்டால் தொடாமல் வெளியே வந்து தகவல் சொல்லுங்கள்.

அனுமதி கிடைத்துப் போனால் ஒரு உதவி. நேரம் பதியும் அறையிலோ லாம்ப் ரூமிலோ பதிவேடு கிடந்தால், பெயரும் எண்ணும் தெரிகிற மாதிரி ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். எடுத்துக்கொண்டு வர வேண்டாம், படம் போதும். அந்த ஊரில் வேலை பார்த்தவர்களின் சங்கம் ஏதாவது இருந்தால் அவர்களிடம் கொடுங்கள்.